பழைய சிலிண்டருக்குப் புது வால்வா?

நம்ம பெரணமல்லூரில் கடல் கிடையாது. ஆனாலும் கடலில் மூழ்குகிறவர் முதுகில் சுமக்கும் காற்று சிலிண்டர், லேத்தில் மரை வெட்டும் நமக்கு நல்ல பாடம்.

1943-ல் பிரான்ஸில் கூஸ்தோவும் காக்னானும் இச்சுவாசக் கருவியை உருவாக்கினர். பிறகு வந்த பழைய அமெரிக்க ஸ்டீல் சிலிண்டர்கள் சிலவற்றின் கழுத்தில் அரை அங்குல டேப்பர் மரை இருந்தது. மரையே இறுகிக் கசிவை அடைக்கும். அடுத்து வந்தது முக்கால் அங்குல நேர் மரை. அங்குலத்துக்கு 14 மரை; கசிவை அடைப்பது ஓ-ரிங். இன்றைய வால்வுகள் பலவற்றிலோ எம்25 மரை, பிட்ச் 2 மி.மீ.

சிக்கல் இங்கேதான். அங்குலத்துக்கு 14 மரை என்றால் பிட்ச் 25.4 ÷ 14 = 1.81 மி.மீ. வித்தியாசம் 0.19 மி.மீ. மட்டுமே. ஆனால் முக்கால் அங்குல மரையின் வெளிவிட்டம் சுமார் 26.4 மி.மீ. எனவே எம்25 வால்வு அந்தக் கழுத்தில் சில சுற்று ஏறிவிடும். "மாட்டிடுச்சு"ன்னு நினைப்போம். உண்மையில் மரையின் நுனி மட்டுமே பிடித்திருக்கும்.

பழைய சிலிண்டரின் 155 பார் அழுத்தத்திலேயே, 25 மி.மீ. வாயில் முக்கால் டன்னுக்கு மேல் விசை தள்ளும். வால்வு தோட்டா மாதிரி பாயும். வெளிநாடுகளில் இப்படி விபத்துகள் நடந்துள்ளன.

ஆகவே, கையால் ஏறுதேன்னு நம்பாதீங்க. பொறித்த எழுத்தைப் படித்து, வெர்னியராலும் பிட்ச் கேஜாலும் இரண்டு மரையையும் அளந்த பிறகே மாட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் மாட்டவே கூடாது. தறியில் இழை தப்பினால் சேலைதான் கெடும். இங்கே மரை தப்பினால் ஆளே போயிடுவான்!