கறி வேக எட்டு விநாடி!

மாட்டுக்கறி வேக எவ்வளவு நேரமாகும்? எங்கள் காரைக்காலில் யாரைக் கேட்டாலும், “சட்டியில் வைத்தால் ஒன்றரை மணி நேரம், குக்கரில் வைத்தால் அரை மணி நேரம்” என்பார்கள். அதனால்தான் பல வீடுகளில் அது ஞாயிற்றுக்கிழமைச் சமையலாகவே இருக்கிறது. கல்லூரி முடிந்து மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பும் என்னைப் போன்றவர்கள் வாரநாளில் அதை நினைத்துப் பார்ப்பதில்லை.

இந்த எண்ணத்தை மாற்றியவர் எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி. ஒருநாள் மாலை அவர் ஒரு கிண்ணத்தில் வெந்த அரிசி நூடுல்சை இட்டார். அதன் மேல் காகிதம் போல் நறுக்கிய பச்சை மாட்டுக்கறியைப் பரப்பினார். கொதிக்கக் கொதிக்க எலும்புச் சாற்றை அதன் மேல் ஊற்றினார். சிவந்திருந்த கறி கண்ணெதிரே வெளுத்து வெந்துவிட்டது!

“பாட்டி, உண்மையாகவே வெந்துவிட்டதா?” என்று கேட்டேன்.

“சாப்பிட்டுப் பாரு தம்பி. நெருப்பை நம்புறதைவிடக் கத்தியை நம்பணும்” என்றார்.

பாட்டி இளமையில் சைகோன் நகரில் வாழ்ந்தவர். காரைக்காலுக்கும் சைகோனுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால், இடையில் சில காலம் ஆங்கிலேயரிடம் இருந்தது நீங்கலாக, 1954 நவம்பர் 1 வரை அவர்கள் ஆட்சியிலேயே இருந்தது. சைகோனை அவர்கள் 1859-இல் கைப்பற்றினார்கள். ஒரே ஆட்சியின் கீழ் இருந்ததால் புதுச்சேரி, காரைக்கால் மக்கள் பலர் அரசுப் பணிக்கும் வாணிகத்துக்கும் அங்கே சென்றனர். 1975-இல் வியட்நாம் போர் முடிந்தபோது எஞ்சியிருந்தவர்களில் பலரும் திரும்பினர். அவர்களோடு அந்நாட்டுச் சமையலும் நம் கரைக்கு வந்தது. பாட்டி செய்து காட்டியது ‘ஃபோ’ என்னும் உணவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட வியட்நாமில் தோன்றியது இது. 1954-இல் நாடு பிரிந்தபோது தெற்கே குடிபெயர்ந்தவர்களால் சைகோனிலும் பரவியது.

மறுவாரம் நானே களத்தில் இறங்கினேன். எலும்புச் சாறு காய்ச்ச நேரம் ஏது? வாணலியில் வதக்கி நூடுல்சோடு கலந்துவிடலாம் என்று எண்ணினேன். குழம்புக்கு வாங்குவது போன்ற கட்டித் துண்டுகளை, அரைக் கிலோவையும் ஒரே தடவையில் கொட்டினேன். கறி நீர் விட்டது, சாம்பல் நிறமாயிற்று, இரப்பர் போல் ஆயிற்று. பிள்ளைகள் நூடுல்சை மட்டும் தின்றுவிட்டுக் கறியை ஓரமாக ஒதுக்கினார்கள். இயற்பியல் ஆசிரியர் வீட்டில் இப்படி நடக்கலாமா? அன்றிரவு தாளும் எழுதுகோலும் எடுத்து உட்கார்ந்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே காணப் போகிறோம்.

கனத்தின் வர்க்கம்

கொதிநீரில் இட்ட கறித்துண்டின் மேற்பரப்பு உடனே 100° செல்சியஸை நெருங்குகிறது. வெப்பம் அங்கிருந்து நடுப்பகுதிக்குக் கடத்தல் முறையில் ஊர்ந்து செல்ல வேண்டும். இதில் ஓர் எளிய விதி உண்டு: வெப்பம் நடுப்பகுதியை எட்ட ஆகும் நேரம், துண்டின் கனத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கனம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. கனம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்கு!

இறைச்சியில் வெப்பம் பரவும் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால், 3 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டின் நடுப்பகுதி 30 பாகையிலிருந்து 70 பாகையை எட்ட ஏறக்குறைய 8 விநாடி போதும். 30 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டுக்கு ஏறக்குறைய 13 நிமிடம் ஆகும். பாட்டியின் கிண்ணத்தில் நடந்தது மாயமன்று. வர்க்க விதியே ஆகும்.

மாட்டுக்கறி உண்ணாத மாணவர்கள் இதை உருளைக்கிழங்கில் சோதித்துப் பார்க்கலாம். 1 செ.மீ. கனத்தில் சில வில்லைகளும் 2 செ.மீ. கனத்தில் சில வில்லைகளும் வெட்டிக் கொதிநீரில் இடுங்கள். அரை நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெந்த பகுதி கண்ணாடி போல் மங்கலாகவும், வேகாத நடுப்பகுதி வெள்ளையாகவும் இருக்கும். அந்த வெள்ளை மறைய, தடித்த வில்லைக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு நேரமாவதைக் காண்பீர்கள்.

நாரும் கத்தியும்

13 நிமிடத்தில் வெப்பம் உள்ளே போய்விடுமானால், குழம்புக்கு ஏன் ஒன்றரை மணி நேரம் தேவைப்படுகிறது? நல்ல கேள்வி. சூடாவது வேறு, மெதுவாவது வேறு. இறைச்சி என்பது நீண்ட தசை இழைகளின் கட்டு. அவற்றைப் பிணைப்பது ‘கொலாஜன்’ என்னும் புரதம். உழைக்கும் தசைகளான கால், கழுத்துப் பகுதிகளில் கொலாஜன் மிகுதி. அது கரைந்து வழவழப்பான ஜெலட்டினாக மாற, 70 பாகைக்கு மேல் நெடுநேரம் வேக வேண்டும். குக்கரில் வெப்பநிலை 120 பாகையை நெருங்குவதால் இம்மாற்றம் விரைவாக நடக்கிறது.

விரைவுச் சமையலில் இதற்கு நேரமில்லை. ஆகவே கொலாஜன் குறைந்த முதுகுத் தசை அல்லது தொடையின் மென்மையான பகுதியைக் கேட்டு வாங்க வேண்டும். அதிலும் இழைகள் ஓடும் திசையைப் பார்த்து, அதற்குக் குறுக்கே நறுக்க வேண்டும். இழை நெடுக வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் பல சென்டிமீட்டர் நீள நார் இருக்கும். அதை அறுக்கும் வேலை பல்லுக்கு. குறுக்கே வெட்டினால் நாரின் நீளம் 3 மில்லிமீட்டர்தான். பல் செய்ய வேண்டிய வேலையைக் கத்தி முன்னதாகவே செய்துவிடுகிறது.

வாணலியின் வரவு செலவு

என் இரண்டாவது தவறு, அரைக் கிலோவையும் ஒரே தடவையில் கொட்டியது. ஒன்றரைக் கிலோ இரும்பு வாணலி 230 பாகைக்குக் காய்ந்திருப்பதாகக் கொள்வோம். இரும்பின் தன்வெப்பம் 0.11. வாணலி 100 பாகைக்கு இறங்கும்போது தரக்கூடிய வெப்பம் 1500 × 0.11 × 130. அதாவது சுமார் 21,500 கலோரி. இது வரவு.

செலவைப் பாருங்கள். அரைக் கிலோ கறியை 30 பாகையிலிருந்து 70 பாகைக்குச் சூடாக்க (தன்வெப்பம் சுமார் 0.8) 16,000 கலோரி போய்விடும். மீதி 5,500. நீரின் ஆவியாதல் உள்ளுறை வெப்பம் கிராமுக்கு 540 கலோரி. ஆகவே மீதியைக் கொண்டு 10 கிராம் நீரைத்தான் ஆவியாக்க முடியும். கறியிலிருந்து 50 கிராம் சாறு வடிந்தால் 27,000 கலோரி வேண்டும். 2 கிலோவாட் எரிவாயு அடுப்பின் வெப்பத்தில் அறுபது விழுக்காடு வாணலியைச் சேர்ந்தாலும், அது விநாடிக்கு ஏறக்குறைய 285 கலோரிதான். 27,000 கலோரியை ஈட்ட ஒன்றரை நிமிடம் ஆகும். அதுவரை வாணலி 100 பாகையிலேயே நிற்கும். கறி தன் சாற்றிலேயே அவியும். எட்டு விநாடியில் வெந்தது மேலும் மேலும் சுருங்கி இன்னும் நீர் விடும்.

வறுத்த கறியின் மணமும் பழுப்பு நிறமும் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் சேர்ந்து உண்டாக்குபவை. 1912-இல் இவ்வினையை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் மையாரின் பெயரால் இது வழங்குகிறது. இது விரைவாக நிகழ ஏறக்குறைய 140 பாகை வேண்டும். நீர் தேங்கிய வாணலியில் அது நிகழ வழியில்லை.

அதே கறியை 125 கிராம் வீதம் நான்கு தவணையாக இட்டால் என்ன ஆகும்? ஒரு தவணைக்கு 4,000 கலோரிதான் செலவு. வாணலி 25 பாகைதான் இறங்கும். சிறிது சாறு வடிந்தாலும் உடனே ஆவியாகிவிடும்.

நூடுல்ஸ் எப்படி?

நூடுல்சும் இந்த வர்க்க விதிக்கு உட்பட்டதே. நூல் போல் மெலிந்திருப்பதால் நீரும் வெப்பமும் விரைவில் உள்ளே சென்றுவிடுகின்றன. 1958-இல் ஜப்பானில் மோமோஃபுகு அண்டோ விற்பனைக்குக் கொண்டுவந்த உடனடி நூடுல்ஸ் இன்னும் ஒருபடி மேலே சென்றது. அதை முன்பே அவித்து, எண்ணெயில் பொரிக்கிறார்கள். நீர் ஆவியாகி வெளியேறும்போது உள்ளே நுண்ணிய துளைகள் உண்டாகின்றன. பிறகு நாம் கொதிநீரில் இடும்போது நீர் அத்துளைகளின் வழியே புகுந்துவிடுகிறது. அரிசி நூடுல்ஸ் நம் இடியாப்பத்தின் உறவினர். இதையும் முன்பே அவித்து உலர்த்தியிருப்பதால் வெந்நீரில் ஊறினாலே போதும்.

செய்து பாருங்கள்

நான்கு பேருக்கு அரைக் கிலோ கறியும் 400 கிராம் நூடுல்சும் போதும். கறியை ஒரு மணி நேரம் உறைபெட்டியில் வையுங்கள். பாதி உறைந்து விறைத்த கறியை 3 மில்லிமீட்டர் தகடாக நறுக்குவது எளிது. அரைத் தேக்கரண்டி ஆப்பசோடாவைப் பிசறிக் கால் மணி நேரம் வைத்துக் கழுவிவிடுங்கள். காரத்தன்மை, புரதங்கள் இறுகுவதைக் குறைக்கும். பின் துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் ஒவ்வொரு கிராம் நீரும் உங்களிடம் 600 கலோரிக்கு மேல் வரி வாங்கும்! ஒரு மேசைக்கரண்டி சோளமாவைத் தூவிப் பிசறுங்கள்.

நூடுல்சை வேகவைத்து வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, சிறிது எண்ணெய் பிசறி வையுங்கள். வாணலியில் எண்ணெய் இலேசாகப் புகையத் தொடங்கியதும் கறியை நான்கு தவணையாக வதக்கி எடுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நிமிடம் போதும். எங்கும் சிவப்பு தெரியக் கூடாது. தவணைகளுக்கிடையே வாணலி மீண்டும் காயட்டும். பிறகு இஞ்சி, பூண்டு, கேரட், முட்டைக்கோஸ், அதன்பின் நூடுல்ஸ், கறி என்று வரிசையாகச் சேருங்கள். மூன்று மேசைக்கரண்டி சோயா சாஸ், மிளகுத்தூள், சிறிது வெல்லம் ஆகியவை கடைசியில்தான். நீர்ப்பொருளை முன்பே ஊற்றினால் வாணலி குளிர்ந்துவிடும். வெங்காயத்தாளைத் தூவி, எலுமிச்சை பிழிந்து இறக்குங்கள்.

பச்சைக் கறி பட்ட கத்தியையும் பலகையையும் சோப்பிட்டுக் கழுவிய பிறகே காய்கறி நறுக்க வேண்டும். மிஞ்சியதை நம் கடற்கரை வெக்கையில் வெளியே விட்டுவைக்காதீர்கள். உடனே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

கறி உறைபெட்டியில் இருக்கும் நேரம் நீங்கலாக, எனக்கு இப்போது முக்கால் மணி நேரம் ஆகிறது. அதில் அடுப்பு எரிவது கால் மணி நேரமே. கால் கறியும் எலும்பும் இன்னும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குத்தான். கொலாஜனைக் கத்தியால் கரைக்க முடியாதல்லவா?

சென்ற வாரம் ஒரு கிண்ணம் நூடுல்சைப் பாட்டியிடம் கொண்டு கொடுத்து, இந்தக் கணக்கையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “கறி நல்லா இருக்கு தம்பி. இதைத்தானே நான் அன்னைக்கே சொன்னேன்?”