உங்களுக்குத் தெரியுமா? கருவியில் கீறிய முகவரி

ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் வேட்டைக் கருவிகளில் கோடும் கட்டமுமாகத் தெரியும் செதுக்கல்கள் கண்ணுக்கு அழகு. விவரம் தெரிந்தவர்களுக்கோ முகவரி!

● தென் ஆஸ்திரேலியாவின் வைரீ சதுப்பு நிலத்தில் 1973-இல் தோண்டி எடுத்த பூமராங்குகளின் வயது சுமார் 10,000 ஆண்டுகள். ஈரச் சேற்றில் புதைந்து கிடந்ததால் மரம் மக்காமல் தப்பியது.

● எறிந்த பூமராங் எல்லாமே கைக்குத் திரும்பிவிடாது. கங்காரு வேட்டைக்கான பூமராங் கனமானது. இரையை அடித்து வீழ்த்துவதுதான் அதன் வேலை. மத்திய ஆஸ்திரேலியாவில் அதன் மேல்புறத்தில் நீளவாக்கில் நெருக்கமாகப் பள்ளக் கோடுகளை இழைத்து, செங்காவி பூசுவார்கள்.

● செதுக்க உளி? தென்கிழக்குப் பகுதியில் போஸம் என்ற சிறு விலங்கின் கீழ்த்தாடையே உளி. தாடையோடு ஒட்டியிருக்கும் கூரிய முன்பல்லால் கெட்டியான மரத்திலும் மெல்லிய கோடு கீறலாம்.

● அதே தென்கிழக்கில் கேடயத்திலும் வேட்டைத் தடியிலும் டைமண்ட் கட்டங்கள், மீன்முள் போன்ற சாய்கோடுகள் அதிகம். இதே வகைக் கோலங்கள் போஸம் தோல் போர்வையின் உட்புறத்திலும் உண்டு. நியூ சவுத் வேல்ஸின் விராட்ஜுரி மக்கள் கல்லறை அருகே நிற்கும் மரங்களிலும் செதுக்கினார்கள். கோலம் பார்த்து, ஆள் எந்தக் குலம், எந்த மண் என்று அறிந்தார்கள்.

● ஈட்டியை வேகமாக எறிய உதவும் கட்டையின் பெயர் வூமெரா. மேற்குப் பாலைவனத்தில் இதை முல்கா மரத்தில், இலை வடிவில், நடுவே குழிவாகச் செய்வார்கள். ஒரு முனையில் ஈட்டியின் அடியைத் தாங்கும் முளை, கங்காரு தசைநாரால் கட்டியிருக்கும். மறுமுனையில் பிசின் வைத்துப் பதித்த கல் கத்தி. குழிவில் காவி குழைக்கலாம். விளிம்பை மென்மையான மரத்தில் தேய்த்துத் தீ உண்டாக்கலாம். சில வூமெராக்களில் முன்னோர் நடந்த வழியும் நீர்ச்சுனைகளும் கோடுகளாக இருக்கும்.

● 1947-இல் தென் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ராக்கெட் சோதனைத் தளத்துக்கும் வூமெரா என்றே பெயர்!

● வெள்ளையர் வந்தபின் சேர்ந்த உத்தி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மரத்தில் சூடு போட்டு வரைவது. புகழ்பெற்ற நீர்வண்ண ஓவியர் ஆல்பர்ட் நமட்ஜிரா முதலில் இப்படித்தான் பூமராங்கிலும் மரப்பலகையிலும் படம் போட்டு விற்றார். சிட்னியின் லா பெரூஸ் பகுதியில் ஹார்பர் பாலமே படமாகப் பூமராங்கில் ஏறியது.

● வுருண்ட்ஜெரி பழங்குடி மக்களின் தலைவரும் ஓவியருமான வில்லியம் பராக் செய்த கேடயம், 2022-இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தது. அவருடைய ஓவியம் ஒன்றுடன் அதையும் அந்த மக்களே ஏலம் எடுத்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

● இந்தோனேசியாவில் தயாரான பூமராங்குகளைப் பழங்குடியினர் கைவேலை என்று தோன்றும்படி விற்ற நிறுவனத்துக்கு 2019-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் விதித்த அபராதம் 23 லட்சம் டாலர். ஆஸ்திரேலியா பக்கம் போனால், செய்தவர் பெயரும் ஊரும் கேட்டு வாங்குங்கள். பதில் வராத கடையில் பர்ஸைத் திறக்காதீர்கள்!