பள்ளி மணி அடித்த பின்: மலாக்காத் தமிழ் மாணவரின் புறப்பாடப் பொழுதும் விடுமுறையும்

மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. புக்கிட் அசகான், டைமண்ட் ஜூபிலி, தெபோங், ஜாசின் லாலாங் எனப் பல பள்ளிகள் தோட்டத்தின் பெயரையே இன்றும் தாங்கி நிற்கின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் பல வெறுமையாயின. பெயர் மட்டும் நிலைத்தது. இப்பள்ளிகள் யாவும் ஆறாம் ஆண்டோடு முடிகின்றன. நம் நாட்டில் தமிழ்வழி இடைநிலைப்பள்ளி இல்லை. ஆகவே, தேசிய இடைநிலைப்பள்ளியில் அடியெடுத்து வைக்கும் நாளிலேயே நம் மாணவனின் தமிழ், பாட அட்டவணையின் நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்ந்துவிடுகிறது. அந்த விளிம்பில் உள்ள பொழுதைப் பற்றியே இப்பொழிவில் பேச விழைகிறோம்.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு பள்ளியில் 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் அங்குத் தமிழ் கற்பிக்க வேண்டும். நகரப் பள்ளியில் இந்த எண்ணிக்கை எளிதில் சேரும். ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் மூன்று நான்கு பள்ளிகளுக்குச் சிதறிப்போகும் இடத்தில் பதினொன்று, பன்னிரண்டோடு நின்றுவிடும். வகுப்பு அமைந்த பள்ளிகள் பலவற்றிலும் அது பள்ளி முடிந்த பின்னரோ சனிக்கிழமையிலோதான் நடைபெறுகிறது. சட்டத்தில் பாடமாக இருக்கும் தமிழ், நடைமுறையில் புறப்பாட நடவடிக்கை போலவே ஆகிவிட்டது. 2010 முதல் எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்கள் மட்டுமே என அறிவிக்கப்பட்டபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் வெளியே தள்ளப்படும் என்று சமுதாயம் குரல் எழுப்பியது. அதன் பின்னரே கூடுதலாக இரு பாடங்களுக்கு இடம் கிடைத்தது. அன்று குரல் எழுப்பியவர்களுள் எத்தனை பேர், தம் ஊர்ப் பிள்ளை சனிக்கிழமை வகுப்புக்கு எவ்வாறு செல்கிறான் என்று கேட்டிருப்போம்?

அக்கேள்வி பேருந்தைப் பற்றியது. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வுத் தேர்ச்சிக்கும், 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் உரியன. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு ஆகியவற்றில் மாணவன் வகிக்கும் பொறுப்பு, வருகை, பங்கேற்ற நிலை, பெற்ற வெற்றி என்பனவற்றைக் கொண்டு அப்பத்து கணக்கிடப்படுகிறது. இந்நடவடிக்கைகள் பெரும்பாலும் வார நாளொன்றின் பிற்பகலில் நடைபெறுகின்றன. குனோங் லேடாங் அடிவாரத்துப் புக்கிட் அசகானுக்கோ தெபோங்கின் உட்புறத்துக்கோ திரும்ப வேண்டிய மாணவிக்குப் பள்ளிப் பேருந்து ஒரு முறைதான். அதில் ஏறினால் சாரணியர் இயக்க வருகை போயிற்று. ஏறாவிடின் வீடு செல்ல வழியில்லை. பட்டணத்துப் பிள்ளையைத் தந்தையார் மாலை ஐந்து மணிக்கு மகிழுந்தில் அழைத்துச் செல்கிறார். இருவரும் ஒரே தேர்ச்சி பெற்றாலும் புள்ளி ஒன்றாக இராது. ஆசிரியர்கள் இதனை ஆர்வமின்மை என்று எழுதிவிடுகிறோம். அது தவறு.

இனி விடுமுறைக்கு வருவோம். கோடை என்னும் பருவமே இல்லாத இந்நாட்டில் ‘கோடைக்கால முகாம்’ என்று சிலர் விளம்பரம் செய்வது வேடிக்கையே. நமக்கு வாய்ப்பது ஆண்டிறுதி விடுமுறை. அதுவும் 2022இல் பள்ளியாண்டு மார்ச்சுக்கு மாறி, 2026இல் மீண்டும் சனவரிக்குத் திரும்பியதால், ஆண்டுதோறும் ஒரே வாரத்தில் முகாம் நடத்தி வந்தோர் திட்டமெல்லாம் குலைந்தது. இவ்விடுமுறையில் நம்மவர் பெரிதும் நாடுவது தன்முனைப்பு முகாம். விளக்கை அணைத்து, பெற்றோர் படும் துன்பத்தைச் சொல்லி, மண்டபம் முழுவதும் அழ வைத்து, நண்பகல் உணவோடு வீட்டுக்கு அனுப்புவர். அழுகை மறுநாள் காய்ந்துவிடும். அத்தகைய முகாம்களுக்கு நாமும் மாணவரை அழைத்துச் சென்றவர்களே. ஆகவே இதனைக் குற்றஞ்சாட்டும் நோக்கில் கூறவில்லை.

இதனினும் நல்ல முன்மாதிரி நம் வரலாற்றிலேயே உண்டு. கோ. சாரங்கபாணி நடத்திய ‘தமிழ் முரசு’, 1950களில் மாணவர்க்கென ‘மாணவர் மணிமன்ற மலர்’ என்னும் பகுதியை வெளியிட்டது. அதில் எழுதிய, அதனைப் படித்த இளையோர், சிங்கப்பூரிலும் மலாயாவின் நகரங்களிலும் தோட்டங்களிலும் மணிமன்றங்களை அமைத்தனர். இன்றைய தமிழ் இளைஞர் மணிமன்றங்களின் வேர் அதுவே. அங்கு மாணவன் வெறும் பார்வையாளனாக அமர்ந்திருக்கவில்லை. கூட்டக்குறிப்பை அவனே எழுதினான். தலைமையுரையை அவனே ஆற்றினான். நாடகத்துக்குத் திரையும் அவனே கட்டினான். கூட்டம் நடந்ததோ அவன் நடந்தே செல்லக்கூடிய தொலைவில். இன்றைய திட்டங்களில் நாம் இழந்தவை இவ்விரண்டே: பொறுப்பும் அண்மையும்.

ஆதலின், நாம் முன்மொழிவது சிறியது. விடுமுறையில் ஐந்து நாள், தோட்டத்து மண்டபத்திலோ ஆலயத்தின் பக்கத்துக் கூடத்திலோ, படிவம் ஒன்று முதல் ஐந்து வரையிலான மாணவர் கூடட்டும். முதலிரு நாள்களில் தம் பாட்டியரிடமும் ஓய்வுபெற்ற தொழிலாளரிடமும் சென்று கேட்டு எழுதட்டும். பெரட்டுக்களம், கங்காணி, கிராணி, நிரை, மங்கு, ஒட்டுப்பால் ஆகிய சொற்கள் அந்த முதியோர் வாயில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒட்டுப்பால் என்றால் என்னவென்று கேட்கும் மாணவனுக்கு, அதைக் கையால் உரித்தெடுத்த ஒருவரே விடை கூறுவார். அகராதியில் தேடினால் அந்த விரல்களின் கதை கிடைக்காது. மூன்றாம் நாள் எழுதியதைத் திருத்துதல். நான்காம் நாள் மேடையில் படித்தல்.

ஐந்தாம் நாள் மலாக்கா நகருக்குச் செல்லலாம். காஜா பெராங்கில் உள்ள செட்டிக் கிராமத்தையும், 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயத்தையும் மாணவர் காண வேண்டும். சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து இம்மண்ணிலேயே மணம் புரிந்து வாழ்ந்த தமிழரின் வழித்தோன்றல்கள் மலாக்காச் செட்டிகள். சைவ வழிபாட்டையும், போகியன்று முன்னோர்க்குப் படையலிடுவதையும் அவர்கள் விடாது காத்தனர். வீட்டு மொழியோ மலாய் ஆயிற்று. இதனை இரக்கத்தோடோ ஏளனத்தோடோ காட்டக்கூடாது. எது நின்றது, எது நழுவியது, ஏன் என்று அவர்களிடமே பணிவோடு கேட்கச் செய்ய வேண்டும். அக்கேள்வியை மாணவர் பேருந்தில் திரும்பும்போது தம்மைப் பற்றியும் கேட்டுக்கொள்வர். நாம் இடையில் புகுந்து விளக்கத் தேவையில்லை.

ஒரு நடைமுறைச் செய்தியும் உண்டு. முகாமுக்குப் பின் சான்றிதழை நீட்டிப் புள்ளி கேட்டால் பயனில்லாது போகலாம். தொடங்குவதற்கு முன்னரே மாணவர் பயிலும் இடைநிலைப்பள்ளிகளின் புறப்பாடத் துணைத் தலைமையாசிரியர்களைக் கண்டு, இந்நிகழ்வு எவ்வாறு பதிவாகும் என்று கேட்டறிய வேண்டும். பள்ளியிலுள்ள தமிழ்மொழிக் கழகத்தின் பெயரால் நடத்த இசைவு கிடைத்தால் இன்னும் நன்று. கூடவே, எத்தனை மாணவர் எந்தப் பள்ளியில் தாய்மொழி வகுப்பின்றி இருக்கின்றனர் என்னும் பட்டியலையும் அம்முகாமிலேயே எடுத்துவிடலாம். பதினைந்துக்கு இரண்டு பேர் குறைந்த பள்ளி எது என்பது அப்போது தெரியவரும். அந்த இரு பெற்றோரின் வீட்டுக் கதவையும் அன்று மாலையே தட்டலாம்.