பருவகாலம் இல்லாத சுற்றுப்போட்டி

வன்னியின் ஆடுகளங்கள் – 7

தேசிய மட்டப் போட்டிகள் நெருங்கும் மாதங்களில் வடக்கின் பாடசாலை விளையாட்டு வட்டாரத்தில் ஒரு வாதம் சூடுபிடிக்கும். மாகாணத்திலிருந்து எத்தனை அணிகள் போக வேண்டும்? முதலிடம் பெற்ற அணி மட்டும் போதுமா, இரண்டாமிடத்துக்கும் வழி விட வேண்டுமா? யாழ்ப்பாணத்துப் பெரிய பாடசாலைகள் முன்னுக்கு நின்றால் வன்னிக்கு மிஞ்சுவது என்ன? கேள்விகள் நியாயமானவைதான். கேட்பவர்களின் ஆதங்கத்திலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் இடங்களைப் பங்குபோடும் இந்தச் சண்டைக்கு முன்னால் தீர்க்க வேண்டிய வேறொரு விடயம் உண்டு என்பதே இக்கட்டுரையின் கட்சி. செட்டிகுளம் போன்ற ஊரிலிருந்து இறங்கும் ஒரு வலைப்பந்தாட்ட அணி ஆண்டுக்கு எத்தனை ஆட்டம் ஆடுகிறது? அதற்குப் பதில் தேடாமல் எத்தனை இடம் என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை.

பாடசாலை விளையாட்டு நம் நாட்டில் ஏணிப்படியாக அமைந்திருக்கிறது. வலயம், மாவட்டம், மாகாணம், அதன்பின் அகில இலங்கை. விளையாட்டுக்கு விளையாட்டு விதிகள் சற்று மாறினாலும் தோற்றவர் விலகும் முறைதான் பெரும்பாலும் அடிப்படை. அந்த முறையின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 16 அணிகள் இறங்கினால் மொத்தம் 15 ஆட்டங்கள். எட்டு அணிகள் ஒரேயோர் ஆட்டத்தோடு வீடு திரும்பும், இன்னும் நான்கு அணிகள் இரண்டு ஆட்டத்தோடு. அதாவது நாலில் மூன்று பங்கு அணிகளுக்கு அந்த ஆண்டின் போட்டி அனுபவம் இரண்டு ஆட்டங்களைத் தாண்டாது. மாதக்கணக்கில் பாடசாலை விட்டபின் வெயிலில் பயிற்சி செய்த பிள்ளை, காலையில் பஸ் ஏறிப் போய், முதல் ஆட்டத்தில் தோற்று, மதியச் சாப்பாட்டோடு திரும்புகிறாள். அவளுடைய அணி பலவீனமானதா, அன்றைக்கு மட்டும் எறிந்த பந்து வளையத்துக்குள் போகவில்லையா என்பதை அந்த ஒரு புள்ளிப் பட்டியலிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. வென்றவர் விடயத்திலும் இதே மயக்கம் உண்டு. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்ல நூற்றுக்கு அறுபது வாய்ப்புள்ள, எல்லோரையும்விடச் சிறந்த அணி நான்கு சுற்றுகளைத் தொடர்ச்சியாக வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 13 மட்டுமே.

இந்த இடப் பங்கீட்டு வாதத்தை உலகிலேயே அதிக உரத்த குரலில் நடத்துபவர்கள் அமெரிக்கர்கள். அங்கே பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்டத்தின் தேசியச் சுற்றுப்போட்டி 1939இல் எட்டு அணிகளோடு தொடங்கியது. நெடுங்காலம் ஒரு பிராந்தியக் கூட்டமைப்பிலிருந்து ஒரே அணிதான் போகலாம் என்பது விதி. 1974இல் அந்த விதியின் முகமூடி கழன்றது. அட்லாண்டிக் கரைக் கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தில் மேரிலாண்ட் அணி மேலதிக நேரத்தில் 103–100 என்று வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் தோற்றது. நாட்டின் மிகச் சிறந்த நான்கைந்து அணிகளுள் ஒன்றாக எல்லோரும் மதித்த மேரிலாண்ட், மூன்று புள்ளி வித்தியாசத்தால் தேசியச் சுற்றுப்போட்டிக்கே போகவில்லை. அதை வென்ற அணியோ நாட்டின் கிண்ணத்தையே தூக்கியது. மறு ஆண்டே விதி மாறியது. சுற்றுப்போட்டி 32 அணிகளாக விரிந்து, கூட்டமைப்பை வெல்லாத அணிகளுக்கும் கதவு திறந்தது. 1985இல் 64 அணிகள், 2011இலிருந்து 68.

நம் வாதக்காரர்கள் இக்கதையை இடங்களைக் கூட்டினால் நீதி வரும் என்பதற்குச் சான்றாக எடுப்பார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. மேரிலாண்ட் சிறந்த அணி என்று எல்லோருக்கும் எப்படித் தெரிந்தது? அந்தக் குளிர்காலம் முழுதும் அது ஆடிய ஆட்டங்கள் சாட்சியாக இருந்தன. பருவகாலம் என்ற ஒன்று இருந்ததால்தான் அநீதி கண்ணுக்குத் தெரிந்தது, அதைத் திருத்தவும் முடிந்தது. இன்று அங்கே தேர்வுக் குழு கூடி உட்காரும்போது ஒவ்வோர் அணியின் பெயருக்கு எதிரேயும் முப்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்கள் இருக்கின்றன. யாரை வென்றது, எங்கே வென்றது, எவ்வளவு வித்தியாசத்தில் என்பதெல்லாம் மேசையில் இருக்கும். நமது மாகாணத்துக்கு நாளைக்கே இன்னும் இரண்டு இடம் தரப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடங்களை எதை வைத்துக் கொடுப்பது? பாடசாலையின் பெயரை வைத்தா? அப்படியானால் அவை மறுபடி பெரிய பெயர்களுக்கே போகும்.

எதிர்க்கட்சி உடனே ஒன்றைச் சொல்லும்: விலகல் முறையில்தான் சின்னவனுக்கு ஒரு வாய்ப்பு, நீண்ட லீக் வைத்தால் பெரியவன்தான் எப்போதும் மேலே நிற்பான். அதற்கும் அமெரிக்காவிலேயே உதாரணம் உண்டு. 2018இல், தரவரிசையில் கடைசி வரிசையான பதினாறாம் இடத்து யூ.எம்.பி.சி. என்ற அதிகம் அறியப்படாத மேரிலாண்ட் மாநிலப் பல்கலைக்கழகம், 31 வெற்றி, இரண்டே தோல்வி என்று வந்த வேர்ஜினியாவை 74–54 என்று வீழ்த்தியது. ஆண்கள் போட்டியில் அப்படி ஒன்று அதற்குமுன் நடந்ததே இல்லை. அழகான கதைதான். ஆனால் அந்தச் சின்ன அணி அன்றைக்குக் களமிறங்குமுன் 34 ஆட்டங்கள் ஆடியிருந்தது, பத்தில் தோற்றுமிருந்தது. தோற்றுத் தோற்றுத் திருந்த அதற்கு அவகாசம் கிடைத்திருந்தது. வேர்ஜினியா அடுத்த ஆண்டே தேசியக் கிண்ணத்தை வென்றது என்பதையும் சேர்த்துப் படித்தால், ஒரு நாள் முடிவு எவ்வளவு மெல்லிய சான்று என்பது விளங்கும். சின்ன அணியின் அதிர்ச்சி வெற்றியை விரும்புகிறவர் முதலில் அந்தச் சின்ன அணிக்கு ஆட்டங்களைத் தேடிக் கொடுக்க வேண்டும். பிராந்தியச் சுற்றுப்போட்டியே தேவையில்லை என்று நெடுங்காலம் நின்றவர்களும் உண்டு. ஐவி லீக் என்ற எட்டுப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு 2016 வரை, தங்களுக்குள் ஆடும் 14 ஆட்டங்களில் முன்னுக்கு நிற்கும் அணியையே தேசியப் போட்டிக்கு அனுப்பியது. அவ்வளவு தூரம் போகும்படி நான் கேட்கவில்லை.

2020 மார்ச்சில் கொரோனாவால் அந்தத் தேசியச் சுற்றுப்போட்டி ரத்தானது. அமெரிக்க மாணவர்களுக்கு அந்த ஆண்டு பருவகாலம் இருந்தது, சுற்றுப்போட்டி இல்லாமல் போயிற்று. வன்னிப் பிள்ளைகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் இதன் மறுதலை.

கூடைப்பந்தாட்டத்தை விட்டு வலைப்பந்தாட்டத்தைப் பற்றி நான் ஏன் பேசுகிறேன் என்று கேட்கலாம். இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் மசச்சூசெட்ஸில் கண்டுபிடித்த ஆட்டத்திலிருந்து பிரிந்து, இங்கிலாந்தில் பெண்களுக்கான தனி ஆட்டமாக வளர்ந்தது வலைப்பந்தாட்டம். வளையத்தின் உயரம் இரண்டிலும் அதே 3.05 மீற்றர். ஆனால் கூடைப்பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓட வேண்டும். அதற்குச் சமமான கடினத் தரை வேண்டும், வளையத்துக்குப் பின்னே பலகையும் வேண்டும். வலைப்பந்தில் பந்தைக் கையில் வாங்கி எறிவதுதான் வேலை. இரண்டு கம்பமும் சுண்ணாம்புக் கோடும் இருந்தால் மண் தரையிலேயே ஆடலாம். வன்னியின் பாடசாலைப் பெண்களிடம் அந்த ஆட்டம் பரவியதற்குக் காரணம் இந்தச் சிக்கனம்தான். அதில் உச்சத்துக்குப் போக வடக்கின் பெண்ணால் முடியும் என்பதற்குப் புதிதாகச் சான்று தேட வேண்டியதில்லை. புன்னாலைக்கட்டுவனில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் 2019 உலகக் கிண்ணத்தில் 348 கோல்கள் போட்டு, எல்லா நாட்டு வீராங்கனைகளுக்கும் மேலே நின்றார். அவருடைய உயரத்தை வியப்பவர்கள், கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் வங்கி அணியிலும் அவுஸ்திரேலியக் கழகங்களிலும் அவருக்குத் தொடர்ந்து கிடைத்த ஆட்டங்களைப் பற்றிப் பேசுவதில்லை. கூடைப்பந்திலும் இதே பாடம் மட்டக்களப்பில் கிடைக்கிறது. அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948இல் வந்த யேசு சபைத் துறவி யூஜின் ஹெபேர்ட், 1990 ஆகஸ்ட் 15 அன்று காணாமற்போகும்வரை, கிழக்கின் பிள்ளைகளுக்கு அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தார். புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்துப் பெயர் நாற்பது ஆண்டு உழைப்பில் வேர்விட்டது.

இனி நடைமுறைத் தடைகள். பணம் எங்கே என்பது முதற்கேள்வி. அமெரிக்காவில் 2032 வரை நீளும் பல பில்லியன் டொலர் ஒளிபரப்பு ஒப்பந்தம் இருக்கிறதே, நமக்கு யார் தருவார் என்று கேட்பவருக்கு ஒன்று சொல்லலாம். அந்தப் பணம் வருவதற்குப் பல தசாப்தங்கள் முன்பே அங்கே பருவகாலம் இருந்தது, பணம் அதன்மேல் வந்து உட்கார்ந்தது. நமக்குத் தேவைப்படுவது மிகச் சின்ன ஏற்பாடு. செட்டிகுளம், நேரியகுளம், பூவரசங்குளம், நெளுக்குளம் என்று நான்கு ஊர்களின் பாடசாலைகளை எடுங்கள். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் சொந்த மைதானத்தில் ஒன்று, வெளியே ஒன்று என்று ஆடினால் மொத்தம் 12 ஆட்டங்கள், ஓர் அணிக்கு ஆறு. அதில் மூன்றுக்கு மட்டும்தான் வான் பிடிக்க வேண்டும், அதுவும் பக்கத்து ஊருக்கு. தேசியப் போட்டிக்காகக் கொழும்புப் பக்கம் ஓர் அணியை அழைத்துப் போய்த் தங்கவைக்கும் செலவு பழைய மாணவர் சங்கங்களுக்கு நன்றாகத் தெரியும். இந்த மூன்று பயணங்களின் செலவு அதற்குப் பக்கத்தில்கூட வராது.

பரீட்சையும் டியூஷனும் பணத்தைவிடக் கனமான தடை, அதை நான் இலேசாகத் தள்ளமாட்டேன். சனி, ஞாயிறு இரண்டும் தனியார் வகுப்புகளுக்குப் போய்விட்டன. சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளையின் பெற்றோர் மாலை ஆறு மணிக்குப் பிறகு மகள் பஸ்சுக்கு நிற்பதை விரும்பமாட்டார்கள், விரும்பவும் வேண்டாம். ஆகவே ஆட்டம் வாரநாளில், பாடசாலை விட்ட கையோடு, இரண்டு வாரத்துக்கு ஒன்றாக இருக்கட்டும். ஆறு ஆட்டங்களுக்குப் பன்னிரண்டு வாரம் போதும். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட வேண்டும், மண் தரை சேறானால் கதை முடிந்தது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் தூரத்து எறிதல் தடுமாறும்தான், ஆனால் இரு அணிக்கும் அதே காற்று. இன்றைய ஏற்பாட்டில் பிள்ளைகள் இழப்பதும் குறைவில்லை. வலய மட்டத்துக்கு முந்தின இரண்டு வாரம் பாட வேளைகளை விட்டுப் பயிற்சிக்கு ஓடும் அவசரம் பரந்த பருவகாலத்தில் வராது.

பெரிய பாடசாலைகள் இதை விரும்புமா என்பது வேறு கேள்வி. அவர்களுக்கு ஏற்கெனவே சிநேகபூர்வ ஆட்டங்களும் அழைப்புச் சுற்றுப்போட்டிகளும் ஓரளவு கிடைக்கின்றன. அவர்கள் சேராவிட்டாலும் நான்கு சின்னப் பாடசாலைகள் தங்களுக்குள் தொடங்குவதை யாரும் தடுக்கவில்லை. ஒரு பொது அட்டவணை, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரு ஆசிரியர் கையொப்பமிட்ட புள்ளித்தாள், இவ்வளவே தொடக்கத்துக்கு வேண்டியவை. மூன்று ஆண்டுத் தாள்கள் கோப்பில் சேர்ந்தபின், மாகாணத்துக்கு இரண்டாம் இடம் வேண்டும் என்று செட்டிகுளத்து அதிபர் கேட்கும்போது அவர் கையில் 18 ஆட்டங்களின் கணக்கு இருக்கும். நடுவர்களை எங்கே தேடுவது என்பதுதான் உண்மையிலேயே கடினமான கண்ணி. தகுதிபெற்ற வலைப்பந்து நடுவர்கள் கிராமங்களில் அரிது, உடற்கல்வி ஆசிரியரே தன் அணிக்குப் பயிற்றுநராகவும் நிற்கிறார். அந்தச் சிக்கலுக்கு ஓர் அத்தியாயம் தனியாக வேண்டும்.

(தொடரும்)