உப்புக்காற்றில் வரும் இன்னொன்று

உடன்குடியிலிருந்து குலசேகரன்பட்டினம் போகும் வழியில் ஒரு பழைய வீட்டின் ஜன்னல் கம்பியை விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் பொரிந்து கிடக்கும். துரு செதில் செதிலாக உதிரும். விரல் நுனியை நாக்கில் வைத்தால் கரிக்கும். கடல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்கூட இரும்பு இப்படித்தான் அரிபடுகிறது. காற்று எதைச் சுமந்து வரும் என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்திலிருக்கும் செம்மண் தேரிகளே காற்று கொண்டுவந்து குவித்தவைதான். கச்சான், கொண்டல், வாடை என்று திசைக்கொரு பெயர் வைத்துக் காற்றை அழைக்கும் கரை இது.

அந்தக் காற்றில் உப்பும் மணலும் மட்டும் வருவதில்லை என்பதை உலகின் பல மூலைகளில் நடந்த ஆய்வுகள் இன்று காட்டுகின்றன. பிஃபாஸ் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஃபுளூரின் வேதிப்பொருள்களும் காற்றேறிப் பயணம் செய்கின்றன.

அறுபடாத முடிச்சு

கரிமச் சேர்மங்களில் உள்ள ஒற்றைப் பிணைப்புகளில் மிக உறுதியானது கார்பனும் ஃபுளூரினும் போடும் முடிச்சு. மாவு ஒட்டாத தோசைக்கல், மழையில் நனையாத துணி, கறை பிடிக்காத கம்பளம், எண்ணெய் தீயை அணைக்கும் நுரை எல்லாம் அந்த உறுதியை நம்பி உருவானவை. வெயிலும் நுண்ணுயிரும் இந்த முடிச்சை எளிதில் அவிழ்க்க முடியாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அதிலுள்ள இந்த வேதிப்பொருள்கள் போவதில்லை. ஆகவேதான் இவற்றுக்கு 'என்றும் அழியா வேதிப்பொருள்கள்' என்று பெயர்.

இவற்றின் பரவலை உலகம் உணர்ந்ததில் ஒரு தமிழருக்குப் பெரும் பங்கு உண்டு. குருந்தாசலம் கண்ணனும் ஜான் கீசியும் 2001-ல் வெளியிட்ட ஆய்வு, இவற்றைத் தயாரிக்கும் ஆலையே இல்லாத ஆர்க்டிக் பகுதியின் பனிக்கரடி, சீல் ஆகியவற்றின் உடலிலும் பிஎஃப்ஓஎஸ் என்ற பிஃபாஸ் சேர்மம் இருப்பதைக் காட்டியது. கரடி தோசைக்கல்லில் சமைக்கவில்லை. அப்படியானால் அது எப்படி அங்கே போனது?

20 நாள், 7,000 கிலோமீட்டர்

ஒரு வழி கடல் நீரோட்டம். இன்னொரு வழி காற்று. துணிக்கும் காகிதத்துக்கும் பூச்சு தயாரிக்கப் பயன்படும் ஃபுளூரோடெலோமர் ஆல்கஹால்கள் எளிதில் ஆவியாகக் கூடியவை. 2003-ல் வெளியான ஓர் ஆய்வு இவற்றின் ஆயுள் காற்றில் சுமார் 20 நாள் என்றும், அதற்குள் 7,000 கிலோமீட்டர் வரை போக முடியும் என்றும் கணக்கிட்டது. வழியில் அவை சிதைந்து, பிஎஃப்ஓஏ போன்ற அழியாத அமிலங்களாக மாறுகின்றன. பிறகு மழையோடு மண்ணுக்கு இறங்குகின்றன. ஜப்பான், சீனா, இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளின் காற்றிலும் இந்த ஆவிகள் இருப்பதை 2011-ல் வெளியான ஆய்வு பதிவு செய்தது.

ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் மழைநீர் பற்றிய தரவுகளைத் தொகுத்தபோது, திபெத்திலும் அண்டார்க்டிகாவிலும்கூட பிஎஃப்ஓஏ அளவு அமெரிக்காவின் அன்றைய குடிநீர் வழிகாட்டு அளவைத் தாண்டியிருந்தது. 2024-ல் அமெரிக்கா குடிநீருக்கு விதித்த வரம்பு, பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் ஒவ்வொன்றுக்கும் லிட்டருக்கு 4 நானோகிராம். 25 லட்சம் லிட்டர் பிடிக்கும் குளத்தில் 10 மில்லிகிராம் கலந்தாலே அந்த வரம்பு வந்துவிடும். ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவான அளவு அது. பிஎஃப்ஓஏ மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2023-ல் வகைப்படுத்தியது.

கடல் திருப்பித் தருகிறது

பிஃபாஸ் கடலில் போய்ச் சேர்ந்தால் கரைந்து தொலைந்துவிடும் என்றுதான் வெகுகாலம் நினைத்தோம். அப்படி நடக்கவில்லை. அலை உடையும்போது நீருக்குள் சிக்கும் காற்றுக் குமிழ்கள் பிஎஃப்ஓஏ போன்ற அமிலங்களைத் தங்கள் தோலில் ஒட்டிக்கொண்டு மேலே வருகின்றன. குமிழ் வெடித்ததும் நுண் துளிகளாகக் காற்றில் தெறிக்கின்றன. கடல்நீரில் இருப்பதைவிட லட்சம் மடங்குக்கும் மேல் செறிவு அந்தத் துளிகளில் இருப்பதை 2024-ல் ஸ்டாக்ஹோம் குழு பதிவு செய்தது. நார்வே கரையில் நடந்த முந்தைய ஆய்வில், காற்றில் உப்பின் சோடியம் கூடிய நாள்களில் இந்த அமிலங்கள் சிலவும் கூடியிருந்தன. நம் ஜன்னல் கம்பியை அரிக்கும் உப்பும் இதே வழியில்தான் கரையேறுகிறது.

இதைக் கேட்டு யாரும் இந்த ஊர்க் கருப்பட்டியையோ மீனையோ கண்டு பயப்பட வேண்டாம். நார்வேயின் எண் நார்வேக்கு. இந்தக் கரையின் எண்ணை இங்கேதான் அளந்து தெரிந்துகொள்ள வேண்டும். அளவு தெரிந்தால் அச்சத்துக்கும் அலட்சியத்துக்கும் இடமில்லை.

ஆலைகளும் இடம்பெயர்கின்றன

தமிழ்நாட்டுக்கு இது புதிய கதையல்ல. அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய், செம்பரம்பாக்கம் ஏரி ஆகியவற்றின் நீரில் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் இந்தச் சேர்மங்களைக் கண்டறிந்திருக்கிறார்கள். வேதிப்பொருள் மட்டுமல்ல, அதைத் தயாரிக்கும் ஆலையும் பயணம் செய்கிறது. இத்தாலியின் விசென்சா பகுதியில் லட்சக்கணக்கானோரின் குடிநீரைக் கெடுத்த ஓர் ஆலை 2018-ல் மூடப்பட்டது. அதன் இயந்திரங்கள் கப்பலேறி மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்துக்கு வந்து சேர்ந்தன. ஒரு நாடு வேண்டாம் என்று தள்ளியது இன்னொரு நாட்டில் குடியேறுகிறது. அங்கே புகைந்தால் மறுபடி காற்று எல்லோருக்கும் பங்கிடும்.

அழியா மாசுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் பிஎஃப்ஓஎஸ் 2009-லும் பிஎஃப்ஓஏ 2019-லும் சேர்க்கப்பட்டன. இந்தியா 2006 முதல் அதில் உறுப்பு நாடு. ஆனாலும், 2020-ல் நம் அரசு கூடுதலாக ஏற்ற 7 வேதிப்பொருள்களில் இவ்விரண்டும் இல்லை. அந்த இடைவெளியை அடைக்க வேண்டும். தூத்துக்குடிக் கரையின் காற்றையும் வடகிழக்குப் பருவமழையையும் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். மாற்று இருக்கும் பொருள்களில் இந்தப் பூச்சுகளைக் கைவிட வேண்டும்.

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற உடன்குடிக் கருப்பட்டியின் பக்குவம் பதநீர் காய்ச்சும் விடிலி அடுப்பில் தொடங்குவதில்லை. பனை உச்சியிலேயே தொடங்கிவிடுகிறது. பாளையில் கட்டும் முன்பே கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார் பனையேறி. பதநீர் புளித்த பிறகு எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் அது கருப்பட்டிக்கு உதவாது. காற்றில் ஏறிவிட்ட ஃபுளூரின் வேதிப்பொருள்களையும் திரும்பப் பிடிக்க முடியாது. கலயம் கட்டும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது.