ஆர்க்கிட்டின் வேரைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள்

உங்கள் புளோக்குக்குச் சாயம் பூசப்போகிறார்கள். தாழ்வாரத்து ஆர்க்கிட் தொட்டியை இரண்டு வாரத்திற்கு வீட்டுக்குள் வைக்க வேண்டும். வாடிவிடுமே என்று நாம் உடனே தண்ணீர் ஊற்றுவோம். வினை அங்கேதான் தொடங்குகிறது.

பெலனோப்சிஸ் போன்ற ஆர்க்கிட்டுகள் காட்டில் மரக்கிளைகளைப் பற்றி வளர்பவை. மழையில் நனையும் வேர், காற்றில் விரைவாக உலர்ந்துவிடும். வேரைச் சுற்றி ‘வெலாமென்’ என்ற உறை உண்டு. இறந்த உயிரணுக்களால் ஆனது. பஞ்சுபோல் நீரை உறிஞ்சும். காய்ந்தால் வேர் வெள்ளிபோல் வெளுத்திருக்கும், நனைந்தால் பச்சை தெரியும். பச்சையாக இருக்கும்வரை தண்ணீர் வேண்டாம்.

வெளிச்சமும் காற்றும் குறைந்த அறையில் வேர் மெதுவாகத்தான் உலரும். வழக்கம்போல் ஊற்றினால் காற்றின்றி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது, இலை சுருங்கும். அதைத் தாகம் என்று எண்ணி இன்னும் ஊற்றுவோம்!

மொட்டு உதிர்ந்தால் பதறாதீர்கள், இடம் மாறினால் அப்படித்தான். அதற்காக உரம் போடவோ தொட்டியை மாற்றவோ வேண்டாம்.

திரும்ப வெளியே வைக்கும்போதுதான் கவனம் தேவை. நிழலுக்குப் பழகிய இலை, ஒரே பிற்பகல் வெயிலில் வெந்துவிடும். அந்தத் தழும்பு ஆறாது. முதலில் காலை வெயில் மட்டும் படட்டும். இலையைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் நிழலுக்கு நகர்த்துங்கள்.