நாற்பத்தைந்து நாள் என்பது எத்தனை நாள்?

எங்கள் ஊரில் யாரிடமும் 'எந்தத் தேதிக்கு முடியும்?' என்று கேட்கக் கூடாது. 'பௌர்ணமிக்கு முன்னாலயா, பின்னாலயா?' என்றுதான் கேட்க வேண்டும். திருவண்ணாமலையில் ஆட்டோக்காரரிலிருந்து மளிகைக் கடைக்காரர் வரை எல்லாருக்கும் அதுதான் காலண்டர். அன்றைக்கு 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கில் ஜனம் நடக்கும். வெளியூர் பஸ்கள் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களிலேயே நின்றுவிடும். பஸ்ஸுக்கே இந்தக் கதி என்றால், டைல்ஸ் ஏற்றி வரும் லாரி எந்த மூலைக்கு?

வீட்டு உள்வேலையில் இறங்குகிறவர்கள் (இப்போது 'இன்டீரியர்' என்று சொன்னால்தான் மரியாதை) முதலில் ஒரு நடை கோயிலின் கிழக்கு வாசலுக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவது உத்தமம். 217 அடி, 11 நிலை ராஜகோபுரம். ஆரம்பித்து வைத்தவர் விஜயநகரத்து கிருஷ்ணதேவராயர். முடித்தவர் தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர். சக்ரவர்த்திக்கே தன் காலத்தில் வேலை முடிந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. நமக்கோ சமையலறை அலமாரி பத்து நாள் தள்ளிப் போனால் ரத்தக் கொதிப்பு ஏறுகிறது!

ஏறத்தான் செய்யும் ஸார். கல் தச்சருக்கு ராஜா கூலி கொடுத்தார். நமக்கு ஒரு பக்கம் வீட்டுக் கடன் தவணை, இன்னொரு பக்கம் குடியிருக்கும் வீட்டு வாடகை. இரண்டும் ஒரே சம்பளத்தில் கடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மாதத் தாமதமும் பர்ஸில் ஓட்டை.

கிரிவலப் பாதைக்கு இரண்டு தெரு தள்ளி நான் வாங்கியது ஒரு பழைய வீடு. இரண்டு படுக்கையறை. ஒயரிங் மாற்ற வேண்டும், பாத்ரூமை இடித்துக் கட்ட வேண்டும், சமையலறை, அலமாரிகள், பெயின்ட். கான்ட்ராக்டர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "நாப்பத்தஞ்சு நாள் ஸார். சாவி உங்க கையில" என்றார். ஆவணியில் ஆரம்பம். தீபாவளிக்குப் புது வீடு என்று கணக்கு.

முடிந்தது மார்கழியில். மொத்தம் 112 நாள்!

ஆனால் ஒரு காரியம் உருப்படியாக நடந்தது. நாள்காட்டி ஒன்றை ஆணியில் மாட்டி, ஆள் வந்து வேலை செய்த நாளையெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டு வந்தேன். ஆள் வராத நாளில், ஏன் வரவில்லை என்று ஓரத்தில் ஒரு வார்த்தை. கடைசியில் எண்ணிப் பார்த்தால் வட்டம் போட்ட நாட்கள் 46. அதாவது அந்த மனிதர் சொன்ன 45-க்கு ஒரே ஒரு நாள்தான் அதிகம். அவர் பொய் சொல்லவில்லை ஸார்! அவர் சொன்னது வேலை நாள். நம் வீட்டுச் சுவரில் தொங்குவது காலண்டர் நாள். இரண்டுக்கும் நடுவே 66 நாள் எங்கே போயிற்று?

இதோ கணக்கு. சுவரும் தரையும் காய்வதற்கு 16. கம்பெனியிலிருந்து சமையலறைப் பெட்டிகள் வருவதற்கு 15. ஆள் வேறு வீட்டில் மாட்டிக்கொண்டதால் 14. பண்டிகை, பௌர்ணமி, அமாவாசை வகையறா 8. மழை 7. எங்கள் குடும்ப மாநாடுகள் 6.

காய்வது சுவர் மட்டுமல்ல

சிமென்ட்டுக்கு அவசரம் தெரியாது. சுவரில் காடி எடுத்து, பைப் பதித்து, ஒயர் இழுத்துப் பூசியாயிற்றா? பூச்சு ஒரு வாரமாவது தண்ணீர் குடிக்க வேண்டும். அப்புறம் அந்தத் தண்ணீர் காய வேண்டும். முழுச் சுவரும் புதுப்பூச்சு என்றால் பெயின்ட் அடிக்க ஏறக்குறைய நாலு வாரம் பொறுப்பது நல்லது. பொறுக்காமல் அடித்தால் உள்ளேயிருக்கும் ஈரமும் உப்பும் வெளியே வரும்போது பெயின்ட்டையும் கூட்டிக்கொண்டு வரும். சுவர் அப்பளம் மாதிரி எழும்பும்.

பாத்ரூம் இன்னொரு தவம். தண்ணீர் கசியாமலிருக்க மருந்து பூசி, அது காய்ந்து, ஓட்டையை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி ஒரு நாளோ இரண்டு நாளோ விட்டுப் பார்க்க வேண்டும். கீழே கசியவில்லை என்று தெரிந்த பிறகுதான் டைல்ஸ். டைல்ஸ் ஒட்டி ஒரு நாள் கழித்துத்தான் இடுக்கில் கிரவுட். இந்த இரண்டு நாளை மிச்சம் பிடிக்கிறேன் என்று யாராவது சொன்னால், கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். பிற்பாடு டைல்ஸைப் பெயர்த்தெடுக்க அவர் வரமாட்டார்.

சரி, சுவர் ஏழு நாளில் காயும். ஏன் பதினைந்து நாள் ஆகிறது? அங்கேதான் விஷயம் இருக்கிறது. "ஏங்க, இங்க வேலை இருக்கும்போது வேற வீட்டுக்குப் போயிட்டீங்களே?" என்று ஆசாரியைக் கொஞ்சம் காரமாகவே கேட்டேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்:

"உங்க சுவரு காயற வரைக்கும் நான் உக்காந்திருந்தா என் வயிறு காயும் ஸார்."

காரமெல்லாம் இறங்கிவிட்டது. நமக்கு மாதச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து வருகிறது. அவருக்கு வேலை செய்த நாளுக்குத்தான் கூலி. சுவர் காயும் ஏழு நாளில் வேறு வீட்டுக்குப் போகிறார். எட்டாம் நாள் அந்த வீட்டுக்காரர் விடமாட்டார். அங்கே பாதி வேலை. இப்படித்தான் ஏழு பதினைந்தாகிறது. சோம்பேறித்தனம் என்று நாம் திட்டுவதில் பாதி, காத்திருப்பதற்குக் கூலி இல்லாத குறைதான்.

சிங்க் வந்தால்தான் கிரானைட்

சமையலறைதான் எல்லா வீட்டிலும் வில்லன். கம்பெனிப் பெட்டிகள் என்றால் தரையும் மேடையும் முடிந்த பிறகே கடைசி அளவு எடுப்பார்கள். சுவர் அரை அங்குலம் கோணலாக இருந்தாலும் பெட்டி உட்காராது. அளவு போனபின் செய்து வர நாலு முதல் ஆறு வாரம் கேட்பது சகஜம். வந்துவிட்டால் மாட்டுவதற்கு நாலைந்து நாள் போதும். நடுவில் உள்ள வாரங்களில் வீட்டில் நடமாடுவது பல்லி மட்டும்.

அந்த மேடையோ சிங்க்குக்காகக் காத்திருக்கும். எந்த சிங்க் என்று தெரியாமல் கிரானைட்டில் துளை போட முடியாது. ஆக, பத்து நிமிஷத்தில் வாங்கிவிடலாம் என்று தள்ளிப்போட்ட சிங்க், ஆறு வாரத்துப் பெட்டிகளை வாசலிலேயே நிறுத்திவிடும். பாத்திரம் கழுவுகிற தொட்டிக்கு அத்தனை அதிகாரம்!

சன்மைக்காவும் அப்படித்தான். உள்ளூர்க் கடையில் இல்லாத கலரைத் தேர்ந்தெடுத்தால் சென்னையிலிருந்து வர வேண்டும். நாலு ஷீட் குறைந்து மறுபடி வாங்கினால், அதே நம்பர் போட்டிருந்தும் நிறம் ஒரு மாற்றுக் குறைந்து நிற்கும். ஒரே தடவையில் முழுசாக வாங்கிவிடுவது நேரத்துக்கும் கண்ணுக்கும் நல்லது.

குடும்ப மாநாட்டில் மாமா ஒருவர் கட்டாயம் இருப்பார். எங்கள் மாமா வந்தார். ஹாலின் நடுவில் நின்றார். "டி.வி.யை அந்தச் சுவருக்கு மாத்திட்டா என்ன?" என்றார். ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்குப் பின்னால் எத்தனை பேர் வர வேண்டும் தெரியுமா? சுவர் வெட்ட எலக்ட்ரீஷியன், பூச கொத்தனார், காய ஒரு வாரம், பட்டி வைக்க பெயின்டர், அது காய ஒரு நாள், தேய்க்க, மறுபடி பட்டி, மறுபடி தேய்க்க, பிரைமர், பெயின்ட். மாமா மட்டும் சாயங்கால பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். சுவிட்ச் போர்டுகளைச் சுவர் வெட்டுவதற்கு முன்பே சாக்பீஸில் வரைந்து, மாமாக்களை அப்போதே வரவழைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

சந்திரன் எந்தக் கட்சி?

பௌர்ணமிக்கு லாரி வராது. அமாவாசைக்கு எங்கள் பக்கத்தில் பல ஆசாரிகள் உளியைத் தொடமாட்டார்கள். மிச்ச நாளில் சந்திரன் நடுநிலை. ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்சமாட்டார்கள் என்பதால் ஊரே ஆவணிக்கும் தைக்கும் முண்டியடிக்கும். அந்தச் சமயத்தில் நல்ல பெயின்டர் கிடைப்பது, நல்ல மாப்பிள்ளை கிடைப்பது மாதிரி.

அதற்கு மேல் மழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம். ஈரக் காற்றில் பட்டி காயாது. மரத்தில் அடித்த பாலிஷ் வெண்மை பூத்து மங்கிவிடும். அதே பருவத்தில்தான் கார்த்திகை தீபமும். பத்து நாள் திருவிழா, ஏழாம் நாள் மகாரதம், பத்தாம் நாள் மாலை ஆறு மணிக்கு 2,668 அடி மலையுச்சியில் மகாதீபம். அந்தப் பத்து நாளில் ஊருக்குள் பிளைவுட் ஏற்றி வருகிறேன் என்று யாராவது சொன்னால் அவர் வெளியூர்க்காரர்.

எழுபதாவது நாள் வாக்கில் எனக்குத் தாமதம் என்பது வெறும் பணக் கணக்காக இல்லை. அப்பாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வாடகை வீடு மாடியில். 18 படி. ஆபரேஷனுக்குப் போனபோது நாலு பேர் நாற்காலியில் தூக்கி இறக்கி, அப்படியே தூக்கி ஏற்றினோம். அதன்பின் அவர் தெருவைப் பார்த்தது ஜன்னல் வழியாகத்தான். புது வீடு தரைத்தளம் என்பதே அவருக்காகத்தான். "என்னடா, தீபத்துக்குள்ள ஆகுமா?" என்று கேட்பார். 'ஆகும்' என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முழு வீடு வேண்டாம். முன்னறையும் பாத்ரூமும் மட்டும். வழுக்காத டைல்ஸ், உட்காரும் டாய்லெட், பிடித்துக்கொள்ள சுவரில் கம்பி. மற்றக் கதவுகளைப் பாலிதீன் ஒட்டி மூடிவிடலாம். நாலு வீட்டுக்குப் பரந்து கிடந்த ஆட்களுக்கு முன்னால் இப்போது சின்னதாக, முடியக்கூடிய ஒரு வேலை. மூன்றே வாரத்தில் முடித்தார்கள். கார்த்திகையிலேயே ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சினோம். அப்பாவைப் படியில் இறக்கியபோது நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தவர் அதே ஆசாரி. உள்ளே வந்ததும் அப்பா சுற்றிப் பார்த்தார். கண்ணில் நீர் வரும் என்று எதிர்பார்த்தோம்.

"பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் எங்கடா?" என்றார்.

அன்று சாயங்காலமே தாழ்ப்பாள் வந்தது. 112 நாளில் நடந்த மிக வேகமான வேலை அதுதான். தீபத்தன்று ஆறு மணிக்கு, வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு தன் காலில் நின்று மலையைப் பார்த்தார்.

நம் ஊர் வியாதி மட்டுமா?

இல்லை. உலக வியாதி. டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1979-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். மனிதன் திட்டம் போடும்போது எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நினைத்தே நாளும் பணமும் குறிக்கிறான் என்பது சாரம். 2002-ல் பொருளாதார நோபல் பெற்ற கானமன், தன் கதையையும் சொல்லியிருக்கிறார். இஸ்ரேலில் ஒரு பாடப்புத்தகம் தயாரிக்க அவர் குழு போட்ட கணக்கு சுமார் இரண்டு வருஷம். ஆனது எட்டு வருஷம். அவர் எடுத்துக்காட்டும் இன்னொரு கணக்கு நம் வயிற்றில் பால் வார்க்கும். 2002-ல் அமெரிக்காவில் சமையலறையைப் புதுப்பித்தவர்களை விசாரித்தார்கள். சராசரியாக எதிர்பார்த்த செலவு 18,658 டாலர். ஆனது 38,769 டாலர். அங்கேயும் மாமாக்கள் இருக்கிறார்கள் போலிருக்கிறது!

கானமன் சொல்லும் வைத்தியம் எளிது. 'என் வீட்டுக்கு எத்தனை நாள்?' என்று யோசிக்காதே. இதே மாதிரி வீடுகளுக்கு நிஜமாக எத்தனை நாள் ஆயிற்று என்று விசாரி. கான்ட்ராக்டர் கடைசியாக முடித்த மூன்று வீடுகளுக்கு நேரில் போய்க் கேளுங்கள். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு முழு உள்வேலை என்றால் ஒன்றரை முதல் மூன்று மாதம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பழைய வீடு, மழைக்காலம், மாமா... இவற்றுக்குத் தனி.

என் நாள்காட்டி சொன்ன பாடங்கள் இன்னும் கொஞ்சம். பணத்தைத் தேதிக்குக் கொடுக்காமல், முடிந்த கட்டத்துக்குக் கொடுங்கள். கைப்பிடி, தாழ்ப்பாள், ஜல்லடை மூடி மாதிரி சில்லறை வேலைகள் முடியும்வரை பத்தில் ஒரு பங்கை நிறுத்தி வையுங்கள். வாடகை வீட்டைக் காலி செய்யும் தேதியை வீட்டுக்காரரிடம் சொல்லுமுன் ஒரு மாதம் கூட்டிக்கொள்ளுங்கள். தினமும் 'எப்ப முடியும்?' என்று கேட்பதை விட்டு 'இப்ப எதுக்காகக் காத்திட்டிருக்கோம்?' என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு 'நாளைக்கு' என்று பதில் வரும். இரண்டாவதற்கு 'சிங்க்' என்று வரும். சிங்க்கை நீங்களே போய் வாங்கி வந்துவிடலாம். நாளையை வாங்க முடியாது.

அடுத்த தடவை யாராவது "நாப்பத்தஞ்சு நாள் ஸார்" என்றால் சண்டைக்குப் போகாதீர்கள். "வேலை நாளா, காலண்டர் நாளா?" என்று மட்டும் கேளுங்கள். தலையைச் சொறிந்து, விரல் விட்டு எண்ணி, பஞ்சாங்கத்தைப் பார்த்தார் என்றால் தாராளமாக அட்வான்ஸ் கொடுக்கலாம். "ரெண்டும் ஒண்ணுதானே ஸார்!" என்று சிரித்தாரானால்... ஒரு காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.